பிள்ளைகளுக்கு வேறு நாட்டு வாழ்க்கையைக் காட்ட: பார்சல் மாற்றிக்கொள்ளும் ஒரு குடும்பம் பிடியுங்கள்

புதிதாக வந்தவர்கள் வழக்கமாகக் கேட்பது, பிள்ளைக்குத் தமிழ் மறக்காமல் இருக்க என்ன செய்வது என்றுதான். ஒருவர் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தார். "கனடா வந்தும் என் பையன் பழகுவதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளோடு. மற்ற நாட்டுக்காரர்கள் வீட்டில் எப்படி இருப்பார்கள் என்றே அவனுக்குத் தெரியாது. என்ன செய்யலாம்?" டொரன்டோவில் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். பள்ளியில் வருடத்துக்கு ஒருநாள் கலாச்சார தினம் என்று வைப்பார்கள். பட்டுப்பாவாடை, கொடி, ஆளுக்கொரு சமோசா (கோவில்பட்டிக்காரிக்கும் சமோசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை), அத்தோடு சரி.

எங்கள் வீட்டில் பலன் தந்தது பார்சல். போலந்தில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்கிறோம். என் கணவரோடு வேலை பார்த்தவர் கிராக்கோவுக்கே திரும்பிப் போய்விட்டார். அவருக்கும் எங்கள் மகள் வயதில் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளுக்கும் பொது மொழி இங்கிலீஷ், அதுவும் அந்தப் பெண்ணுக்கு அரைகுறைதான். அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

இப்படி ஒரு குடும்பத்தை எங்கே தேடுவது? முன்பின் தெரியாதவர்களிடம் வீட்டு முகவரி கொடுக்காதீர்கள். உடன் வேலை பார்த்து ஊர் திரும்பியவர், பழைய பக்கத்து வீட்டுக்காரர், மகனின் வகுப்பிலிருந்து மாறிப்போன பிள்ளை என்று, பெரியவர்களுக்குள் ஏற்கெனவே பழக்கம் இருக்கும் இடமாகப் பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் போஸ்ட்கிராசிங் என்ற இணையதளத்தில் தொடங்கலாம். 2005-இல் போர்ச்சுகலில் ஒருவர் தொடங்கியது. நீங்கள் யாரோ ஒருவருக்கு அஞ்சலட்டை அனுப்பினால் வேறு யாரோ ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று வரும். இதிலும் முகவரி தெரியாதவர்களுக்குப் போகும், அதனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். ஆனால் அதில் ஒரே ஆளோடு உறவு வளராது, ஆரம்பப் பயிற்சிக்குச் சரி.

என்ன வைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் வழிதவறுகிறார்கள். தாஜ்மகால் பொம்மை, காந்தத்தில் ஒட்டும் சிஎன் டவர் எல்லாம் வேண்டாம். அந்த வீட்டில் தினமும் கைபடும் பொருளாக வேண்டும். நான் முதலில் சொல்வது தினசரிக் காலண்டர். ராகுகாலம், எமகண்டம், நட்சத்திரம் எல்லாம் போட்ட நம் கிழிக்கிற காலண்டரில் ஒரு கட்டை எடுத்து, சில தாள்களில் பிள்ளையை விளக்கம் எழுதச் சொல்லுங்கள். போலந்திலும் கிழிக்கிற காலண்டர் உண்டு. அதில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர் உள்ளவர்களுக்கு அன்று பெயர்நாள், பிறந்தநாள் மாதிரியே வாழ்த்துச் சொல்வார்கள். பெரியவர்களில் பலருக்குப் பிறந்தநாளைவிட அதுதான் முக்கியம். நட்சத்திரப் பிறந்தநாள், இங்கிலீஷ் பிறந்தநாள் என்று இரண்டு கொண்டாடும் என் மகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நம் காலண்டரில் நட்சத்திரம் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது பரமபதப் படம். ஒரு தாள்தான், எடையே கிடையாது. பாம்பு ஏணி விளையாட்டு அவர்களுக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய், அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது அது. நம் படத்தில் உச்சியில் வைகுண்டம் இருக்கும், ஒவ்வொரு பாம்புக்கும் ஏணிக்கும் ஒரு கதை இருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க இதை விளையாடுவோம் என்று எழுதப் பிள்ளைக்கு அரைப் பக்கம் போதும்.

அங்கிருந்து வந்ததில் எங்களை உட்கார வைத்துப் பேச வைத்தது ஒரு கடித உறை. உள்ளே மெல்லிய வெள்ளை அப்பளம் போல ஒன்று, மேலே குழந்தை இயேசுவின் தொழுவம் அச்சாகப் புடைத்திருந்தது. ஒப்வாத்தெக் என்பார்கள். மாவும் தண்ணீரும்தான், உப்புகூடக் கிடையாது. டிசம்பர் 24 மாலை வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன் ஒவ்வொருவரும் அடுத்தவர் கையிலிருப்பதில் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு உறையில் வைத்துத் தபாலில் அனுப்புவது அவர்களுக்குப் பழைய வழக்கம். வழியில் உடைந்து வந்தால் என்ன, எப்படியும் உடைக்கத்தானே போகிறோம் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். மேசையில் எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு ஒரு தட்டு காலியாக வைப்பார்களாம். அன்றைய சாப்பாட்டில் இறைச்சி கிடையாது, ஆனால் மீன் உண்டு.

அதே உறையில் ரோஸ் நிறத்தில் தனியாக ஒன்று இருந்தது. அது வீட்டு விலங்குகளுக்காம். கிராமங்களில் மாட்டுக்குக் கொடுப்பார்கள், அன்று நள்ளிரவில் விலங்குகள் மனிதரைப் போலப் பேசும் என்று ஒரு நம்பிக்கை. "எங்களிடம் மாடு இல்லை, நாய்க்குக் கொடுப்போம்" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். படித்து முடிக்கும் முன்பே என் மகள், "அம்மா, மாட்டுப்பொங்கல்!" என்றாள்.

அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது. மாட்டுப்பொங்கலைப் பற்றிப் பதில் எழுத உட்கார்ந்தால் அவளுக்குப் பெயர் மட்டும்தான் தெரிகிறது. கொம்புக்கு என்ன நிறம் அடிப்பார்கள்? மாட்டுக்குச் சாப்பிட என்ன கொடுப்பார்கள்? மாடு இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? எனக்கே பாதி தெரியாது. வாட்ஸாப்பில் ஆச்சியைக் கூப்பிட்டு ஒரு மணிநேரம் பேசினாள். "நம்ம வீட்டுல செவலைன்னு ஒரு பசு நின்னுச்சு" என்று ஆச்சி ஆரம்பித்த கதை எனக்கே புதிது. வந்த பார்சலைப் பிரிப்பதைவிட, அனுப்பும் பார்சலைக் கட்டும்போதுதான் பிள்ளை அதிகம் கற்றுக்கொள்கிறது என்பது என் அனுபவம். எதுவும் தெரியாத ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்றால் தன் வீட்டையே புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே நீங்களே அழகாகப் பெட்டி கட்டி, பிள்ளையிடம் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். எழுத்துப்பிழையோடு போகட்டும்.

மத சம்பந்தமான பொருள் வந்தால் என்ன செய்வது என்று சிலர் தயங்குவார்கள். இதை முதலிலேயே பெரியவர்கள் பேசிக்கொள்வது நல்லது. ஒப்வாத்தெக் கோயில் பிரசாதம் போல வழிபாட்டில் கொடுப்பது இல்லை, வீட்டு மேசையில் பகிர்வது. எங்களுக்கு அதில் சங்கடம் வரவில்லை. நாங்கள் விபூதி அனுப்புவதில்லை, அதற்குக் காரணம் வேறு: பெயர் எழுதாத வெள்ளைப் பொடி எதுவும் தபாலில் போகக்கூடாது. கோலப்பொடிக்கும் அதே கதைதான். புள்ளி வைத்த தாளும் சாக்பீஸும் அனுப்புங்கள்.

தின்பண்டம் என்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். (2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்று பெருமையாக எழுதச் சொன்னேன், எழுதினாள்.) அவர்கள் பதிலுக்கு தோருன் நகரத்து இஞ்சி ரொட்டி அனுப்பினார்கள். அதுவும் ஊர்ப்பெயரோடு ஒட்டிய பண்டம். ஆனால் கடலை அனுப்பும் முன் ஒவ்வாமை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கசகசா நமக்குக் குருமாவுக்கு, போலந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு. கனடாவில் தொல்லை இல்லை. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள், அங்கே இருப்பவர்கள் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் தனியாருக்கு அனுப்பும் பரிசுக்கு வரியில்லாத உச்சவரம்பு கனடாவுக்குள் 60 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 45 யூரோ, பிரிட்டனுக்குள் 39 பவுண்டு, அமெரிக்காவுக்குள் 100 டாலர். அமெரிக்காவில் 800 டாலர் வரை விட்டுக்கொண்டிருந்த பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஓடு போய்விட்டது, பழைய பதிவுகளை நம்பாதீர்கள். இந்தியாவில் பரிசுக்கான விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. அத்தை பிள்ளைகளோடு மாற்றிக்கொள்வதென்றால் ஊரில் வரி கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐரோப்பாவுக்கு நெய்யும் பால்கோவாவும் போகாது. விதை, பச்சைக் கறிவேப்பிலை எங்கேயும் வேண்டாம், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சொல்லவே வேண்டாம். பல்லாங்குழி அனுப்பினால் புளியங்கொட்டைக்குப் பதில் கண்ணாடி மணி வையுங்கள். சுங்கப் படிவத்தில் வெறுமனே "பரிசு" என்று எழுதினால் போதாது, "காகித விளையாட்டு, கடலைமிட்டாய்" என்று ஒவ்வொன்றாக, உண்மையான விலையோடு எழுத வேண்டும்.

வெளிநாட்டுக் குடும்பமே கிடைக்கவில்லையா? பக்கத்து வீட்டைப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம். அவர்கள் ஹாலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி மாதக்கணக்கில் நிரம்பிக்கொண்டே இருக்கும்: சோப்பு, டின் இறைச்சி, துண்டு, சாக்லேட். பாலிக்பாயன் பெட்டி. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் இதற்கு அந்த நாட்டுச் சட்டத்திலேயே வரிவிலக்கு உண்டு, 2016 சட்டப்படி 1,50,000 பெசோ மதிப்பு வரை, வருடத்துக்கு மூன்று தடவை. சிங்கப்பூர் மாமா கொண்டுவரும் கோடாலித் தைலத்துக்கு ஊரே காத்திருந்த காலம் எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் பிள்ளையை அந்தப் பெட்டியில் ஒரு பொருள் வைக்கவிட அனுமதி கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள்.

எடையை 2 கிலோவுக்குள் வைத்தால் கனடாவிலிருந்து போலந்துக்குச் சிறு பொதிக் கட்டணத்தில் போகும், பெரிய பார்சலைவிட மிச்சம். கிறிஸ்துமஸ் பார்சலை நவம்பர் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். 2024-இல் நவம்பர் பாதியில் தொடங்கிய தபால் வேலைநிறுத்தம் டிசம்பர் பாதி வரை போனது. பொங்கல் பார்சலையும் அதோடு சேர்த்தே அனுப்பி, "ஜனவரி 14-க்கு முன் பிரிக்காதே" என்று மேலே எழுதச் சொல்லிவிட்டால் ஒரு தபால் செலவு மிச்சம். பிரிக்காமல் இருப்பார்களா என்பது வேறு விஷயம்.