"இயேசு சொன்னது மட்டும் போதாதா?" என்று கேட்கிற வாலிபர்களுக்கு என்ன சொல்வது?

வேதபாடத்_தோழன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். திருமணம், பாலியல், மணவிலக்கு, கருக்கலைப்பு என்று இன்றைய கேள்வி எதை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "இயேசு இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, பவுல் எழுதியது அவருடைய காலத்து ஆட்களுக்கு, லேவியராகமம் யூதருக்கு, நமக்கு நாலு சுவிசேஷம் போதாதா?" இறாலும் கலப்பு நூல் துணியும்கூட அங்கே தடைதானே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு தங்கை நேராகவே கேட்டாள். இவர்கள் கேலி செய்கிறவர்கள் அல்ல, இயேசுவை உண்மையாகவே நேசிக்கிற பிள்ளைகள், அதனால்தான் "வேதத்தில் இருக்கிறது, கீழ்ப்படி" என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லா வேதவாக்கியமும் தேவனால் அருளப்பட்டது என்கிற 2 தீமோத்தேயு 3:16-ஐக் காட்டினால் "அதுவும் பவுல் எழுதியதுதானே" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரோயா_வாசகர்:

சகோதரரே, அவர்கள் நிற்கிற இடத்திலிருந்தே ஆரம்பியுங்கள். இயேசுவின் வார்த்தைதான் அவர்களுக்கு அதிகாரம் என்றால், அந்த இயேசு வேதத்தை எப்படி வாசித்தார் என்று கேளுங்கள். மத்தேயு 19-ல் பரிசேயர் மணவிலக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். அன்றைக்கு அது சூடான சர்ச்சை, ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு போதகர்களின் மரபினர் அதில் எதிரும் புதிருமாக நின்றார்கள். இயேசு எந்தப் பக்கமும் சேராமல் ஆதியாகமம் 1-க்கும் 2-க்கும் போகிறார். கவனியுங்கள், "இதினிமித்தம் புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு" என்பது ஆதியாகமத்தில் தேவன் நேரடியாகப் பேசுகிற வசனம் அல்ல, கதையை எழுதினவரின் வாக்கியம். அதைத்தான் இயேசு, உண்டாக்கினவரே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார். உயிர்த்தெழுந்த பிறகும் எம்மாவு வழியில் மோசே முதல் தீர்க்கதரிசிகள் எல்லாரையும்தான் திறந்து காட்டினார். ஆகவே இயேசுவைப் பிடித்துக்கொண்டு பழைய ஏற்பாட்டை விட்டுவிடுவது என்பது இயேசுவையே பாதியில் விடுவதுதான்.

பவுல் விஷயத்தில் அவர்கள் பெரும்பாலும் 1 கொரிந்தியர் 7:12-ஐக் காட்டுவார்கள், "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறேன்" என்ற இடம். இரண்டு வசனம் முன்னால் போய் வாசிக்கச் சொல்லுங்கள். 10-ம் வசனத்தில் மணவிலக்கைப் பற்றி இயேசு பூமியில் இருந்தபோது சொன்ன கட்டளையைச் சொல்கிறார், 12-ல் அவிசுவாசியான துணையோடு வாழ்கிறவர்களைப் பற்றி, அதாவது இயேசு நேரடியாகப் பேசாத ஒரு நிலைமையைப் பற்றிப் பேசுகிறார். இது வெறும் என் அபிப்பிராயம் என்பதல்ல பொருள். அதே நிருபத்தில் 14:37-ல், தான் எழுதுகிறவை கர்த்தருடைய கற்பனைகள் என்கிறார். 2 பேதுரு 3:16 பவுலின் நிருபங்களை மற்ற வேதவாக்கியங்களோடு சேர்த்தே பேசுகிறது. எல்லாவற்றையும் இப்போது தாங்கமாட்டீர்கள், சத்திய ஆவியானவர் நடத்துவார் என்று யோவான் 16-ல் சீஷர்களுக்குச் சொன்னவரும் இயேசுதான்.

அப்புறம், இந்தக் கேள்வி ஒன்றும் புதிதல்ல. 2-ம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் தள்ளி, வெட்டிக் குறுக்கிய ஒரு லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். சுமார் 144-ல் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. அன்று அவர் பவுலை வைத்துக்கொண்டு மற்றதை விட்டார், இன்று பவுலை விடச் சொல்கிறார்கள்.

ஆசாரிப்பு_கூடாரம்:

இறால் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு "அது பழைய ஏற்பாடு" என்று பதில் சொல்லிவிட்டால் மேலே சகோதரர் கட்டினதெல்லாம் இடிந்துவிடும். ஆகாரச் சட்டங்களை நாம் விட்டது நமக்குப் பிடிக்காததால் அல்ல, வேதமே சொன்னதால். மாற்கு 7, அப்போஸ்தலர் 10-ம் 15-ம், கொலோசெயர் 2, எபிரெயர் 8 முதல் 10 வரை வாசியுங்கள். பலிகளும் தீட்டுச் சட்டங்களும் கிறிஸ்துவில் நிறைவேறின நிழல்கள். அதே லேவியராகமம் 19-ல்தான் பிறனிடத்தில் அன்புகூரு என்ற கட்டளையும் இருக்கிறது, அதை இயேசு எடுத்துக்கொண்டார். பாலியல் ஒழுக்கமோ புதிய ஏற்பாட்டில் மறுபடியும் மறுபடியும் உறுதிப்படுத்தப்படுகிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 7-வது இதைத்தான் சொல்கிறது. சடங்கு முறைகள் கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தாது, ஒழுக்கக் கட்டளைகளிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

விட்ட சட்டத்துக்கும் அதிகாரம் போய்விடவில்லை. வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு என்கிறது உபாகமம் 22:8. உன் அலட்சியத்தால் இன்னொருவன் சாகக் கூடாது என்பதுதான் அதற்குள் இருக்கிற நீதி, அதை மொட்டை மாடியே இல்லாதவனும் கடைப்பிடிக்கலாம். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற சட்டத்தைப் பவுல் ஊழியக்காரரின் கூலிக்குப் பொருத்துகிறாரே, அப்படி.

கேட்கிறவள்:

நான் அந்த வாலிபர்கள் பக்கம் நின்று ஒன்று சொல்லட்டுமா? அடிமைகளை வைத்திருந்தவர்களும் "முழு வேதமும்" என்றுதான் சொன்னார்கள், எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அடிமைகளுக்குச் சொல்லுகிற எபேசியர் 6:5-ஐக் கையில் வைத்துக்கொண்டு. இன்னொன்று, "எல்லா வேதவாக்கியமும்" என்று அழுத்திச் சொல்லுகிற சபைகளில் பாலியலைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்களில் பாதி அளவாவது யாக்கோபு 5:4 பற்றி, பிடித்துவைத்த வேலைக்காரரின் கூலி கூக்குரலிடுகிறது என்பதைப் பற்றி நான் கேட்டதில்லை. சோதோமின் அக்கிரமம் கர்வம், ஆகாரத்திரட்சி, எளியவனைத் தாங்காதது என்று எசேக்கியேல் 16:49 சொல்கிறது, அடுத்த வசனம் அருவருப்பையும் சொல்கிறது. நாம் ஒரு வசனத்தை மட்டும் வாசித்தால் வாலிபர்கள் கவனிக்கமாட்டார்களா?

பெரோயா_வாசகர்:

சகோதரி, இரண்டாவது விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். என்னைக் கடிந்துகொள்கிற வசனத்தைத் தாண்டிப் போய்விட்டு மற்றவனைக் கடிந்துகொள்கிற வசனத்தில் நின்றுவிட்டால் நான் முழு வேதத்தையும் நம்புகிறவன் அல்ல.

அடிமை விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்கென்று தெரிந்தெடுத்த பகுதிகள் மட்டும் கொண்ட ஒரு வேதாகமம் அச்சானது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதை அதில் இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 இருந்தது. வேதம் முழுவதும் தங்கள் பக்கம் இருந்திருந்தால் ஏன் வெட்ட வேண்டும்? மனுஷனைத் திருடி விற்கிறவன் சாகவேண்டும் என்கிறது யாத்திராகமம் 21:16, மனுஷரைத் திருடுகிறவர்களைப் பாவிகளின் பட்டியலில் வைக்கிறது 1 தீமோத்தேயு 1:10. 4-ம் நூற்றாண்டிலேயே நிசாவின் கிரெகொரி, தேவசாயலில் உண்டாக்கப்பட்டவனுக்கு என்ன விலை போடுவாய் என்ற பொருளில் அடிமை வைத்திருப்பதையே கண்டித்தார். அவருக்கு ஆதாரம் ஆதியாகமம் 1. வெட்டுகிறவன் கையில் கத்தி எப்போதும் அவனுக்குச் சாதகமாகத்தான் போகிறது, அது தோட்ட முதலாளியாக இருந்தாலும் நம் காலத்து நாமாக இருந்தாலும்.

வேதபாடத்_தோழன்:

மிகவும் பிரயோஜனமாக இருந்தது, நன்றி. அந்த 1807 விஷயத்தை வாலிபர்கள் நிச்சயம் கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி பாக்கி. வேதத்தில் பெயரே இல்லாத காரியங்கள் இருக்கின்றனவே, சோதனைக்குழாய் முறை, உறைய வைத்த கருக்கள், அதற்கெல்லாம் என்ன சொல்வது?

ஆசாரிப்பு_கூடாரம்:

வேதம் சொன்னதையும் நாம் அதிலிருந்து அனுமானிப்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். கருவில் உருவாகிறவனைத் தேவன் காண்கிறார் என்று சங்கீதம் 139 சொல்கிறது, மனுஷ உயிர் தேவசாயல் என்கிறது ஆதியாகமம் 9. இவற்றைத் தயக்கமில்லாமல் அதிகாரத்தோடு சொல்லலாம். இதிலிருந்து, தேவைக்கு மேல் கருக்களை உண்டாக்கி அழிப்பது தவறு என்று நான் முடிவுக்கு வருகிறேன், அதற்கு என் காரணத்தையும் சொல்வேன். ஆனால் குழந்தைக்காக ஏங்குகிற தம்பதி சிகிச்சையே எடுக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அது எந்த வசனம் என்று கேட்பேன். முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்தது 1978-ல், இன்னும் கிறிஸ்தவர்களுக்குள் இதில் ஒருமனம் இல்லை. அந்தக் கூட்டத்திலேயே அப்படிப்பட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கலாம், அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.