திரையில் எதை வைப்பது, வாயால் எதைச் சொல்வது: மாணவர் படக்காட்சி உரைகள் பற்றிய எங்கள் அனுபவங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை:

எங்கள் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் குடிநீரில் கலந்துள்ள, அளவு மிகுந்தால் பற்களில் கறையை உண்டாக்கும் புளோரைடைப் பற்றி இரண்டு முறை பேசினான். பேசியவனும் பொருளும் கேட்ட பிள்ளைகளும் மாறவில்லை. இடையில் பன்னிரண்டு நாள்கள் சென்றிருந்தன, அவ்வளவுதான்.

முதல் முறை 31 ஸ்லைடுகளுடன் வந்தான். இணையத்திலிருந்து எடுத்த பத்திகள் முழுமுழுதாக அவற்றில் இருந்தன; ஒவ்வொரு வரியும் பக்கவாட்டிலிருந்து ஓசையுடன் பறந்து வந்து நின்றது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அவற்றை வாசித்தான். பிள்ளைகள் அவனைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, அவன் குரல் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்காகக் காத்திருந்தார்கள்; நான்காவது ஸ்லைடிலேயே காத்திருப்பதையும் விட்டுவிட்டார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தைக் கேட்பவருக்கு, அதே விளக்கம் எழுத்தாகவும் திரையில் ஓடினால் கற்றல் கூடுவதில்லை, குறைகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அன்று அதை நான் கண்முன்னே கண்டேன்.

நான் அவனைத் திருத்தவில்லை. "இந்தக் கம்ப்யூட்டர் இல்லையென்றால், இதை உன் ஆயாவுக்கு எப்படிச் சொல்வாய்?" என்று மட்டும் கேட்டேன். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) "பல்லைக் காட்டித்தான் மிஸ் சொல்லணும்" என்றான்.

இரண்டாம் முறை ஏழே ஸ்லைடுகள். முதலாவதில் ஓர் எழுத்துகூட இல்லை. பழுப்புக் கறை படிந்த பற்களின் படம் திரை முழுவதும் இருந்தது. வகுப்புத் தோழன் ஒருவனைப் படம் எடுக்கலாமா என்று அவன் முன்பு கேட்டபோது நான் தயங்கியதைப் புரிந்துகொண்டு, தன் பற்களையே எடுத்து வந்திருந்தான். வகுப்பு அமைதியானது. அடுத்து, கைப்பேசியில் பதிவு செய்த அவனுடைய ஆயாவின் குரல் முக்கால் நிமிடம் ஒலித்தது. பல் துலக்காததால்தான் கறை வருகிறது என்று பிள்ளைகளைத் திட்டியே வளர்த்ததாக அவர் சொன்னார். பிறகு ஒரே மாதிரித் தெளிவாகத் தெரியும் இரண்டு தம்ளர் தண்ணீர். எதில் புளோரைடு மிகுதி என்று கேட்டான். யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதைச் சொன்ன பிறகுதான் அடுத்த ஸ்லைடில் எண்ணைக் காட்டினான்: லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பாறைக்குள் இறங்கும் ஆழ்துளைக் கிணற்றைத் தாளில் தானே வரைந்து, படமெடுத்து, மண், பாறை, நீர் என ஒவ்வொன்றாகத் தோன்றச் செய்திருந்தான். அசைவை அவன் பயன்படுத்தியது அங்கே மட்டும்தான். நீர் பாறையில் தங்கித் தாதுவைக் கரைத்து மேலேறும் வரிசையே அங்கே சொல்லவேண்டிய செய்தி என்பதால் அது பொருந்தியது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியுடன் உருவாகி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும், ஒரு சிறுமி எழுந்து, "இப்போ காவிரித் தண்ணி குடிச்சா கறை போயிடுமா?" என்று கேட்டாள். போகாது, பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே கறை அமைந்துவிடுகிறது, பின்னால் பிறக்கும் தம்பி தங்கைகளைத்தான் காப்பாற்ற முடியும் என்று அவன் திரையைப் பார்க்காமல் பதில் சொன்னான். அந்தப் பதில் எந்த ஸ்லைடிலும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் இதற்கென ஒரு கட்டம் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தமே.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:

ஆசிரியை சொன்னது உண்மை என்பதை நான் ஒரு விபத்தின் மூலம் கற்றேன். பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டதை வைத்து ஓர் உரை தயாரித்தேன். வீட்டில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய வகை எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்திருந்தேன். கருத்தரங்க அறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், தலைப்பு முதல் நன்றியுரை வரை எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தன. கோப்பிலேயே எழுத்துருவைப் பதித்துச் சேமிக்கும் வசதி இருப்பதோ, கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை என்பதோ எனக்கு அன்று தோன்றவில்லை. (தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல்.)

காப்பாற்றியது எழுத்தே இல்லாத ஒரு ஸ்லைடு. 4,200 ஆண்டுகளைக் குறிக்கும் ஒரே கோடு அதில் இருந்தது. திரையில் அது ஏறக்குறைய 210 சென்டிமீட்டர் நீளத்துக்கு விழுந்ததால், ஒரு சென்டிமீட்டருக்கு 20 ஆண்டுகள். வலது முனையிலிருந்து ஒரு விரல் அகலத்தை விரலாலேயே காட்டி, "நம் வயது இவ்வளவு" என்றேன்; நாலு சென்டிமீட்டரில் நாட்டின் விடுதலை வந்துவிட்டது. பிறகு அறையின் இடது பக்கம் வரை நடந்து சென்று, கோட்டின் மறுமுனையைத் தொட்டு, "இரும்பு இங்கே இருக்கிறது" என்றேன். கி.மு. 2172 என்ற எண்ணை எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், அந்த நடை தந்த தொலைவு உணர்வைத் தந்திருக்காது என்று இப்போது நம்புகிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்:

இருவர் சொல்வதையும் ஏற்கிறேன்; ஆனால் எழுத்தையே நீக்கிவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் கன்னடம் பேசும் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். காதில் விழும் புதிய தமிழ்ச் சொல்லை எழுத்திலும் பார்த்தால்தான் சிலருக்குப் பிடிபடுகிறது. அயல்மொழியில் கற்பவருக்குத் திரை எழுத்து உதவலாம் என்பதை மேயரின் வழிவந்த ஆய்வுகளும் ஏற்கின்றன. அளவுதான் கேள்வி: பத்தியா, இரண்டு மூன்று சொற்களா?

தெலுங்கு வீட்டு மாணவி ஒருத்தி ராகியைப் பற்றிப் பேசினாள். உள்ளங்கையில் தானியம் குவிந்திருக்கும் படம். அதன் கீழே கேழ்வரகு, ராகுலு, ராகி என்ற மூன்று சொற்கள் தமிழ் எழுத்தில். தன் பாட்டி வயலில் நின்று தெலுங்கில் பேசும் காணொளியைக் காட்டி, அடியில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுத்து ஓடவிட்டாள். முதல் பதிவில் காற்றின் இரைச்சலே மிகுந்திருந்ததால், பாட்டியைக் கொட்டகைக்குள் அழைத்துச் சென்று, கைப்பேசியை அவர் அருகில் பிடித்து, மறுபடி எடுத்திருந்தாள். பாட்டி பேசி முடிக்கும்வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் கன்னடம் பேசும் ஒரு மாணவன், "எங்க அஜ்ஜியும் இப்படித்தான் விதைப்பாங்க" என்று எழுந்தான். அவனை முன்னால் அழைத்து, மீதி நேரத்தை அவள் அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.