1.5 வோல்ட் கடிகாரத்துக்கு 4.5 வோல்ட் கொடுக்காதீர்கள்: என் ப்யுல் கடிகார அனுபவம்

மூன்று வருடம் முன்பு, பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ப்யுல் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். மொரிஸ் ஃபாவ்ர்-ப்யுல் உருவாக்கி, 1920களில் பிரான்சில் பரவலான வகை. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரியில் ஓடும். வளைந்த காந்தத் தண்டு ஒன்று, அதன்மேல் முன்னும் பின்னும் ஆடும் செப்புக்கம்பிச் சுருள் ஒன்று. அந்தச் சுருள்தான் பெண்டுலத்தின் குண்டு. மற்றக் கடிகாரங்களில் சக்கரம் பெண்டுலத்தை ஆட்டும். இதில் பெண்டுலம்தான் சக்கரத்தைத் தள்ளும். அதைப் பார்த்ததும் விட்டுவர மனசு வரவில்லை.

"4.5 வோல்ட் போட்டால் ஓடும்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து போட்டேன், அசையவில்லை. மல்டிமீட்டரில் சுமார் 1,200 ஓம் காட்ட வேண்டிய சுருள் எதுவுமே காட்டவில்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. உள்முனையில் அறுந்திருந்தால் முழுச் சுருளையும் பிரித்துச் சுற்ற வேண்டும். இரண்டு நாள் அதைத் தொடவே பயம். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வெளிமுனைப் பற்றவைப்பில் பச்சைக் களிம்பு ஏறி, தலைமுடி போன்ற கம்பி இற்றுப் போயிருந்தது. ஒரு சுற்று மட்டும் பிரித்து, நுனியைச் சுரண்டி, ஈயம் வைத்தேன். மீட்டரில் 1,180 வந்தது. அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

அடுத்து கான்டாக்ட், அதாவது சுருளுக்கு மின்சாரத்தைத் தொட்டுக் கொடுக்கும் இடம். பெண்டுலத்தில் ஒரு வெள்ளி ஊசி, அது ஆட்டுகிற கவட்டை. கவட்டையின் ஒரு பக்கம் மட்டும்தான் மின்சாரம் கடத்தும்; அதனால் ஒரு திசையில் ஆடும்போது மட்டுமே உந்தல் கிடைக்கும். அந்த ஊசி பொறி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தது. 4.5 வோல்ட் செய்த வேலை அது என்றே நினைக்கிறேன். உப்புத்தாள் போடாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இடையில் கொடுத்து இழுத்தேன், கறுப்பு வந்துவிட்டது.

அப்படியும் பத்து நிமிடத்தில் நின்றது. திசைகாட்டியைக் காந்தத்திடம் கொண்டுபோனால் இரண்டு முனையிலும் ஒரே துருவம்! கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மறுகாந்தம் ஏற்றக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். நல்லவேளை, நடுவில் வைத்துப் பார்த்தேன், ஊசி திரும்பியது. இந்தக் கடிகாரத்தின் அமைப்பே அதுதான்: இரு முனையும் ஒரே துருவம், எதிர்த்துருவம் நடுவில். சாதாரணக் காந்தம்போல ஏற்றியிருந்தால் அதோடு போயிருக்கும். கடைசியில் பேட்டரி வயர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டேன். தலைகீழாகக் கொடுத்தால் சுருள் உந்தப்படாது, பிடித்து இழுக்கப்படும். மாற்றியதும் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி நிலைத்தது, வெறும் 1.5 வோல்ட்டில்.

ஆட்டம் குறைந்தால் தயவுசெய்து வோல்ட்டை ஏற்றாதீர்கள். கான்டாக்ட், சுருள், காந்தம் மூன்றையும் பாருங்கள்.

மறுமொழி:

அண்ணா, என்னுடையது டெலிக்ரான், வீட்டு மின்சாரத்தில் ஓடும் அமெரிக்கக் கடிகாரம். நியூ ஜெர்சியிலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்தேன். முதல் வேலையாக வெடித்துப்போன ரப்பர் வயரை மாற்றினேன். 230-ஐ 110 ஆக்க டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தேன். ஓடியது, ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது! ரோட்டரில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் அதோடு போராடினேன். பார்த்தால் அது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை அலை என்பதை) வைத்தே வேகம் பிடிக்கும் 60 ஹெர்ட்ஸ் மோட்டார், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. இப்போது 60 ஹெர்ட்ஸ் தரும் சின்ன இன்வெர்ட்டரில் ஓடுகிறது. உங்களுடையதில் பேட்டரி எத்தனை நாள் வருகிறது?

மறுமொழி:

போன வருடம் பொங்கலன்று போட்டது தம்பி, இன்னும் மாற்றவில்லை.