மறு: டிராஃப்டுக்குச் சொல் – வரைவும் வேண்டாம், ஏலமும் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இரண்டு வாரமாக வேலைக்கு நடுவில் ஒளிந்து ஒளிந்து படித்துக்கொண்டிருந்தேன். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் டிராஃப்டுக்கு 'வரைவு' என்றே முடிவாகிவிடும் போலத் தெரிவதால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> டிராஃப்ட் என்பதற்கு 'வரைவு' என்று அகராதியிலேயே இருக்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

ஐயா, அகராதியில் இருப்பது சட்ட வரைவு, கடித வரைவு. அமெரிக்கக் கால்பந்தில் டிராஃப்ட் என்பது கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை என்.எஃப்.எல். என்ற தொழில்முறைப் போட்டித்தொடரின் முப்பத்திரண்டு அணிகளும் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இழுத்தல் என்ற பொருளிலிருந்து, படைக்கு ஆள் இழுப்பது வழியாக வந்தது. எழுதுவதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 'என்.எஃப்.எல். வரைவு 2024' என்று தலைப்புப் போட்டால் என் அம்மா ஏதோ மசோதா என்றுதான் நினைப்பார். பழைய இலக்கியம் படித்தவர்களுக்கோ வரைவு என்றால் திருமணம், தோழி வரைவு கடாவுவது நினைவுக்கு வரும். அணி ஒரு பையனை வரைந்துகொள்கிறது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நாலு வருட ஒப்பந்தத்துக்கு அது கொஞ்சம் அதிகம்.

> ஐபிஎல் பார்க்கிற எல்லோருக்கும் 'ஏலம்' புரியும். அதையே வைக்கலாமே?

புரியும், தப்பாகப் புரியும். ஏலத்தில் காசு அதிகம் சொன்னவருக்கு ஆள். டிராஃப்டில் யாரும் விலை கூறுவதில்லை. போன பருவத்தில் எல்லோரையும்விட மோசமாகத் தோற்ற அணி முதலில் எடுக்கும், சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் வென்ற அணி முதல் சுற்றில் முப்பத்திரண்டாவதாக, கடைசியில் எடுக்கும். மொத்தம் ஏழு சுற்று. இதைக் கொண்டுவந்தது பெர்ட் பெல், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் முதலாளி. பணக்கார அணிகளே நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போனதில் நொந்துபோன மனிதர் அவர். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது, ஒன்பது அணிகள், ஒன்பது சுற்று. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரை ஒரு ஆட்டம்கூட என்.எஃப்.எல்.லில் ஆடவில்லை என்பது தனிக்கதை. ஏலத்தைத் தடுக்க வந்த ஏற்பாட்டுக்கு ஏலம் என்றே பெயர் வைத்தால் பெல் எழுந்து வந்துவிடுவார்.

> நம்ம ஊர் பொறியியல் 'கலந்தாய்வு' இதே மாதிரிதானே? வரிசையாகக் கூப்பிடுவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள்.

கோவை நண்பரின் இந்த யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நானும் அந்தக் காலத்தில் அப்பாவோடு சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன்தான். கணினி அறிவியல் 3 என்று இருந்தது, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் 0. அந்தப் படபடப்பு அப்படியே டிராஃப்டில் இருக்கிறது. ஆனால் திசை தலைகீழ். கலந்தாய்வில் பையன் கல்லூரியை எடுக்கிறான், முதல் மதிப்பெண்காரன் முதலில். டிராஃப்டில் கல்லூரிப் பையனுக்கு வாயே கிடையாது, அணி அவனை எடுக்கிறது, அதுவும் கடைசி மதிப்பெண் வாங்கிய அணி முதலில். 1983இல் ஜான் எல்வே பால்டிமோருக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து டென்வருக்கு மாறியதும், 2004இல் ஈலை மேனிங் சான் டியகோவை மறுத்து நியூயார்க்குக்குப் போனதும் இன்றைக்கும் கதையாகப் பேசப்படுகிறது என்றால், மற்றவர்கள் மறுப்பதில்லை என்றுதானே பொருள்.

குடவோலை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சீட்டு எடுப்பது, எந்த அணி முதலில் எடுப்பது என்று கூடைப்பந்துக்காரர்கள் குலுக்கிப் பார்க்கும் லாட்டரிக்கு வேண்டுமானால் பொருந்தும். இங்கே குடமும் இல்லை, ஓலையும் இல்லை.

சரி, என் யோசனை. முறைத்தெரிவு.

'முறை' எங்கிருந்து எடுத்தேன் என்றால் வாய்க்காலிலிருந்து. எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை. அந்த முறை ஒரு சொத்து மாதிரி. "இன்னைக்கு உன் முறையை எனக்குக் குடு, நாத்து காயுது, அடுத்த வாரம் என்னோடதை நீ எடுத்துக்க" என்று என் பெரியப்பா வரப்பில் நின்று பேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன். டிராஃப்டில் நடக்கும் வியாபாரம் அச்சாக இதுதான். 2023இல் சிகாகோ பேர்ஸ் தன் முதல் முறையைக் கரோலைனாவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஆட்டக்காரரையும் கரோலைனாவின் அடுத்த வருடத்து முறை உட்படச் சில முறைகளையும் வாங்கிக்கொண்டது. கரோலைனா அந்த வருடம் படுமோசமாகத் தோற்க, வாங்கிய முறை 2024இல் முதலாவதாகவே வந்து நின்றது. அதில்தான் கேலப் வில்லியம்சை எடுத்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: எங்கள் ஊரில் தண்ணீர் தலைமடையில் தொடங்கும், கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெர்ட் பெல் கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட்டார்.

'தெரிவு' என் சரக்கு இல்லை, டொராண்டோ அக்கா போன வாரம் எழுதியது:

> தம்பி, எங்கட பேப்பர்களில அணித் தெரிவு, தலைவர் தெரிவு எண்டுதான் எழுதுவினம். நீங்கள் தேர்வு எண்டு எழுத எனக்குச் சோதினை மண்டபம்தான் ஞாபகம் வருது.

உண்மை அக்கா. அதிலும் டிராஃப்டுக்கு முன்னால் நிஜமாகவே ஒரு சோதனை வேறு இருக்கிறது. வருடா வருடம் இண்டியானாபொலிசில் பையன்களை நிறுத்தி, நாற்பது கஜம் ஓடவிட்டு, நூறு கிலோவுக்குச் சற்று மேலே உள்ள எடையை எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணி, உள்ளங்கையின் அளவுகூட எடுப்பார்கள், மாட்டுச்சந்தை மாதிரி. 'தேர்வு' என்ற சொல்லை அதற்கு விட்டுவிடலாம்.

முதலில் நான் 'முறையெடுப்பு' என்றுதான் நினைத்தேன், தெருவில் கிரிக்கெட் ஆடும்போது இரண்டு கேப்டன்கள் நின்று மாற்றி மாற்றி ஆள் 'எடுப்பது'தானே நம் வழக்கம் என்று. ஆனால் எழுதிப் பார்த்தால் கணக்கெடுப்பு மாதிரி தாலுகா ஆபீஸ் வாடை வருகிறது. வினையாக 'எடு' இருக்கட்டும், பெயருக்குத் தெரிவு.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பையும் சொல்லிவிடுகிறேன், நியாயமானது:

> 'முதல் முறை எடுத்தார்கள்' என்றால் முதல் தடவை எடுத்தார்கள் என்றல்லவா படிப்பார்கள்?

ஆமாம். அதனால்தான் இரண்டு சொல். ஆங்கிலத்தில் பிக் (pick) என்ற ஒரே சொல் எடுக்கும் உரிமைக்கும் எடுக்கப்பட்ட ஆளுக்கும் சேர்த்து உழைக்கிறது. தமிழில் பிரித்துக்கொள்வோம்: உரிமை என்றால் முறை, ஆள் என்றால் தெரிவு. சிகாகோ விற்றது முறை, அதில் கரோலைனா எடுத்த பிரைஸ் யங் அவர்களின் தெரிவு. இதை எழுதும்போதுதான் தோன்றியது, ஆங்கில வர்ணனையைவிட இது தெளிவாகவே இருக்கிறது. யாராலும் எடுக்கப்படாதவரைத் 'தெரியாதவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், 'தெரிவாகாதவர்' என்று எழுதுங்கள். கர்ட் வார்னர் 1994இல் தெரிவாகாதவர், மளிகைக் கடையில் இரவில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தார், 1999 பருவத்தில் சூப்பர் பௌல் ஜெயித்தார்.

கடைசித் தெரிவுக்கு என்ன சொல் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: கடைக்குட்டி. ஆங்கிலத்தில் 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்ற அர்த்தத்தில் ஒரு கேலிப் பெயர் வைத்து, 1976இலிருந்து அவருக்கு ஒரு விழாவும் எடுக்கிறார்கள். பந்தைக் கைநழுவ விடும் பொம்மைதான் அதற்குக் கோப்பை. 2022இன் கடைக்குட்டி, 262ஆவது ஆள், பிராக் பர்டி. இரண்டே வருடத்தில் சான் பிரான்சிஸ்கோவைச் சூப்பர் பௌலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நம் சொல்லில் கேலியும் இருக்கிறது, செல்லமும் இருக்கிறது. அதேபோல, ஆகா ஓகோ என்று எடுக்கப்பட்டு ஒன்றுமில்லாமல் போனவருக்குக் கலைச்சொல்லே வேண்டாம், ஊரே சொல்கிறது: புஸ்வாணம். 1998இன் இரண்டாவது தெரிவு ரயன் லீஃப், 2007இன் முதல் தெரிவு ஜமார்கஸ் ரசல், வேறு எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்தது ஆடுமிடப் பெயர்கள். இதில் நாம் கொஞ்சம் அடங்கிப் போவது நல்லது. ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிற குவாட்டர்பேக்கைக் 'கால்பின்னர்' என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். கால், பின், சரிதான், சொல்லுக்குச் சொல் பெயர்த்தாகிவிட்டது. ஆனால் படிப்பவருக்குக் கால் பின்னிக் கீழே விழுகிறவர் என்றுதான் தோன்றும் (சில அணிகளுக்கு அது பொருத்தமே, பெயர் சொல்லவில்லை). ஆட்டநாயகன் ஏற்கெனவே பரிசு வாங்குகிறவர், பந்துவீச்சாளர் கிரிக்கெட்டில் இருக்கிறார். குவாட்டர்பேக் குவாட்டர்பேக்காகவே இருக்கட்டும், கபடியை யாராவது மொழிபெயர்த்தார்களா?

ஆனால் லெஃப்ட் டேக்கிளுக்கு 'முதுகுக்காவலர்' என்ற யோசனையை நான் இரண்டு கையையும் தூக்கி ஆதரிக்கிறேன். வலக்கைக்காரக் குவாட்டர்பேக் பந்தை எறியத் திரும்பி நிற்கும்போது அவன் முதுகு இடப்பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் வருகிறவன் கண்ணில் படமாட்டான். 1985 நவம்பர் 18 இரவு வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனை லாரன்ஸ் டெய்லர் வந்து வீழ்த்தியதில் கால் முறிந்தது, அதோடு அவர் ஆட்டமே முடிந்தது, நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த முதுகைக் காக்கிற ஆளுக்கு அணிகள் கொட்டிக் கொடுக்கிற பணத்தைப் புரிந்துகொள்ள 'இடது தடுப்பாளர்' உதவாது, முதுகுக்காவலர் உதவும்.

டிராவிஸ் ஹண்டர் பற்றிய சண்டையில் நான் இறங்கவில்லை. 2025இல் ஜாக்சன்வில் இரண்டாவதாக எடுத்த பையன், பந்தைப் பிடிக்கவும் ஆடுவான், எதிரணி பிடிக்காமல் தடுக்கவும் ஆடுவான். இரண்டும் ஒருவனால் முடியுமா என்பதை ஜாக்சன்வில் கவலைப்படட்டும், நமக்கு வேண்டியது சொல். கிரிக்கெட்டுக்கு இலங்கைப் பத்திரிகைகள் எழுதும் 'சகலதுறை ஆட்டக்காரர்' தயாராக இருக்கும்போது 'இருபுறத்தார்' எதற்கு?

கடைசியாக நடுவர்கள். இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறோம். களத்தில் ஏழு பேர். ரெஃப்ரி, அம்பயர், அப்புறம் ஐந்து வகை ஜட்ஜ். நம்மிடம் எல்லாவற்றுக்கும் ஒரே 'நடுவர்'. ரெஃப்ரிக்கு மட்டும்தான் வெள்ளைத் தொப்பி, மற்றவர்களுக்குக் கறுப்பு, ஆகவே அவரை 'வெண்தொப்பி நடுவர்' அல்லது வெறும் தலைமை நடுவர் எனலாம். மற்றவர்களை நிற்கும் இடத்தை வைத்து: கோட்டு நடுவர், பின்நடுவர், பக்க நடுவர் என்று. அம்பயரைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்பு பந்தில்லாத அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று இடிபட்டுக்கொண்டிருந்தவரை 2010இல் எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள்.

தவறு நடந்தால் நடுவர் மஞ்சள் கொடியை எறிய வேண்டும். பார்த்தும் எறியாமல் விட்டதற்கு ஒருவர் தந்த சொல்லைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன், அலுவலகத்தில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். 'விழாத கொடி', சுருக்கி 'விழாக்கொடி'யாம். அழியாப் புகழ், பொய்யா மொழி மாதிரி இலக்கணப்படி பழுதே இல்லை. ஆனால் எந்தத் தமிழன் அதைப் படித்துத் தேர்த்திருவிழாவை நினைக்காமல் இருப்பான்? அதிலும் அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த எடுத்துக்காட்டு நியூ ஆர்லீன்ஸ், ஊரே திருவிழாவுக்குப் பேர்போனது. 2019 ஜனவரி 20, ராம்ஸ் அணியோடு ஆட்டம், இரண்டு பக்கமும் 20 புள்ளி, இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து வந்து சேரும் முன்பே ராம்சின் நிக்கெல் ரோபி-கோல்மன், நியூ ஆர்லீன்சின் டாமிலீ லூயிசை மோதித் தள்ளுகிறார், பக்கத்தில் நடுவர்கள் நிற்கிறார்கள், மஞ்சள் கொடி யார் இடுப்பிலிருந்தும் வரவில்லை. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 26-23 என்று ஜெயித்துவிட்டது. மறுபருவம் இந்த மாதிரிக் குறுக்கீட்டையும் பயிற்சியாளர் முறையீடு செய்யலாம் என்று விதியை மாற்றி, ஒரே வருடத்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டார்கள். என் வாக்கு 'விழாத கொடி'க்கு, பிரித்தே எழுதுவோம். 'குறுக்கீடு' ஏற்கெனவே எல்லோருக்கும் சம்மதம் என்று நினைக்கிறேன்.

முறைத்தெரிவு, முறை, தெரிவு, தெரிவாகாதவர், கடைக்குட்டி, முதுகுக்காவலர், விழாத கொடி இவற்றை ஞாயிறு இரவு பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், 'அகராதியில் இருக்கிறது' என்பதைத் தவிர வேறு காரணத்தோடு. அம்பயருக்கு யாராவது வழி சொல்லுங்கள். டொராண்டோ அக்கா, உங்கள் பக்கம் கிரிக்கெட் அம்பயரையும் கால்பந்து ரெஃப்ரியையும் பத்திரிகையில் எப்படிப் பிரித்து எழுதுவார்கள்?