நெவார்க் வியாபாரி மேல் டல்லாஸில் வழக்குப் போடலாமா?

கோத்தகிரிக்காரர்:
கட்டபெட்டு பக்கம் எங்களுக்குச் சின்ன டீ ஃபேக்டரி. நியூஜெர்சி மாநிலம் நெவார்க்கில் ஒரு வியாபாரிக்கு ஆர்த்தடாக்ஸ் தூள் அனுப்பினோம். 92,000 டாலர் பாக்கி, இப்போது போனையே எடுப்பதில்லை. என் தம்பி டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் இருக்கிறான். "பவர் எழுதிக் கொடு, இங்கேயே ஃபெடரல் கோர்ட்டில் (அமெரிக்க மத்திய நீதிமன்றம்) போடுகிறேன்" என்கிறான். சரிப்படுமா?

குன்னூர் குமாஸ்தா (ஓய்வு):
நம் சிவில் நடைமுறைச் சட்டம் 20ஆம் பிரிவில் வாதியின் வீடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பிரதிவாதி இருக்கும் இடம் அல்லது வழக்கு மூலம் எழுந்த இடம், அவ்வளவுதான். உதகை கோர்ட்டில் தீர்ப்பாணை (டிகிரி) வாங்கினாலும் சொத்து நெவார்க்கில். அங்கே அங்கீகாரம் கேட்டுப் போயே ஆக வேண்டும். அமெரிக்க விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அருவங்காட்டுப் பையன்:
ஜெர்சி சிட்டியில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், வக்கீல் இல்லை. குமாஸ்தா ஐயா சொன்ன கணக்குதான் இங்கேயும். ஃபெடரல் சட்டம் 1391ஆம் பிரிவுப்படி பிரதிவாதி வசிக்கும் மாவட்டம் (ஃபெடரல் கோர்ட்டின் எல்லைப் பகுதி), இல்லாவிட்டால் விவகாரத்தில் கணிசமான பகுதி நடந்த மாவட்டம். சரக்கு இறங்கியது, பணம் நின்றது எல்லாம் நெவார்க். டல்லாஸில் உங்கள் தம்பி மட்டும்தான் இருக்கிறார், அண்ணா!

போட்டால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பு முதல் பதிலிலேயே ஆட்சேபிக்க வேண்டும், விட்டால் அந்த உரிமை போச்சு. ஆனால் எந்த வக்கீலும் விடமாட்டார். அப்புறம் 1406ஆம் பிரிவு: தள்ளுபடி, அல்லது நியாயம் கருதி சரியான மாவட்டத்துக்கு மாற்றம். நம் ஊரில் பிராதைத் திருப்பிக் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். இங்கே மாற்றினால் வழக்கு அப்படியே நகரும். சரியான கோர்ட்டில் போட்ட பிறகும் சாட்சிகள் வசதி பார்த்து மாற்ற 1404 இருக்கிறது, அது வேறு கதை.

உங்கள் ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் இந்த ஊர் கோர்ட்' என்று ஏதாவது வரி இருக்கிறதா? இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2013இல் அட்லாண்டிக் மரைன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மிக அபூர்வமான நிலைமை தவிர அந்த வரிப்படியே நடக்க வேண்டும் என்றது.

பவர் விஷயம்: வீணாக முத்திரைத்தாள் வாங்காதீர்கள். கம்பெனி சார்பில் ஃபெடரல் கோர்ட்டில் வக்கீல்தான் ஆஜராக முடியும். தம்பி போய் நிற்க முடியாது.

கோத்தகிரிக்காரர்:
ஒப்பந்தத்தில் அப்படி வரி எதுவும் இல்லை. அவர்களுடையது எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்). பங்குதாரர் இருவர், ஒருவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்.

அருவங்காட்டுப் பையன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இந்த மாதிரி பாக்கி வழக்கை ஃபெடரல் கோர்ட் எடுக்க, தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும், இரண்டு பக்கமும் வெளிநாட்டுக் குடிமக்களாக இருக்கக் கூடாது. உங்கள் தொகை தாண்டுகிறது, அது சரி. ஆனால் எல்.எல்.சி.க்குப் பங்குதாரர்களின் குடியுரிமைதான் கணக்கு. நீங்களும் இந்தியர், அவரும் இந்தியர் என்றால் இந்தப் பாக்கிக்கு ஃபெடரல் கோர்ட்டே கிடையாது, நெவார்க்கிலும்தான். மாநில நீதிமன்றம் போங்கள். நெவார்க் எசெக்ஸ் கவுண்ட்டியில் வருகிறது. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றிய ரசீது), அவர் பணம் தருவதாக அனுப்பிய வாட்ஸாப் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நியூஜெர்சி வக்கீலைப் பிடியுங்கள்.