மேற்படிப்பை மனத்தில் கொண்டு பி.எஸ்சி. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

கேள்வி (பெரம்பூர்):
பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகள், இயற்பியலில் முனைவர் பட்டம் வரை படிப்பதென்று உறுதியாக இருக்கிறாள். பெயர்பெற்ற பழைய கல்லூரி ஒன்றிலும், வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய கல்லூரி ஒன்றிலும் பி.எஸ்சி. இடம் கிடைத்துள்ளது. பழைய கல்லூரிக்குப் போய்வரவே நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆகும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரியின் பெயரை எந்த அளவுக்குப் பார்ப்பார்கள்?

மறுமொழி 1:
அம்மா, ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கு 'ஜாம்' என்னும் நாடு தழுவிய நுழைவுத் தேர்வின் தரவரிசைதான் கணக்கு; எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாய் என்று அங்கே கேட்பதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அந்தத் தேர்வை எழுதலாம். ஆகவே இரு கல்லூரிகளின் பாடத்திட்டங்களையும் வாங்கி, கணித முறைகளுக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் எவ்வளவு இடம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மறுமொழி 2:
நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். தேர்வைப் பற்றி மேலே சொன்னது சரிதான். ஆனால் பரிந்துரைக் கடிதத்தை மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கடிதங்கள் கேட்கும். நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் ஆசிரியரின் கடிதம் வேண்டும். வகுப்பில் முதலிடம் பெற்ற ஒரு மாணவி என்னிடம் கடிதம் கேட்டு வந்தபோது, அவருடைய மதிப்பெண்களைத் தவிர எழுத எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அறுபது பேர் கொண்ட வகுப்பில் நான் அவரை அறிந்துகொள்ளவே இல்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அதே ஆண்டில், நிறமாலைமானிச் சோதனையில் வந்த பிழைக்குக் காரணம் தேடி மாலைதோறும் ஆய்வகத்தில் நின்ற இன்னொரு மாணவருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். உங்கள் மகளை அப்படி அறிந்துகொள்ளக்கூடிய ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்களோ, அதுவே அவளுக்கு ஏற்ற கல்லூரி. பேருந்தில் போகும் மூன்று மணி நேரம், அந்த மாலை நேரத்தைத்தான் முதலில் விழுங்கும்.

மறுமொழி 3:
அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளங்கலைப் பட்டத்தை எதிர்பார்ப்பதால், மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் இங்கே எம்.எஸ்சி. படித்துவிட்டுச் செல்வதே வழக்கம். சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை இரு கல்லூரிகளுக்கும் மகளோடு செல்கிறேன். மாலையில் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் அவளையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.