புதுப்பிப்பு: மூன்று வருடம் சென்னையில் இருந்தால் எங்கள் எஸ்எம்எஸ்எஃப் என்னாகும்?

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நானும் கணவரும் சிட்னியிலிருந்து சென்னை போகிறோம், நாங்களே நிர்வகிக்கும் ஓய்வூதிய நிதி (எஸ்எம்எஸ்எஃப்) என்னாகும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விஷயம் முடிந்தது.

என்டியூரிங் பவர் ஆஃப் அட்டர்னி (நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட நாம் தரும் நீடித்த அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. நிதியின் முக்கிய முடிவுகள் ஆஸ்திரேலியாவிலேயே எடுக்கப்பட வேண்டும். தற்காலிகமாக வெளியே இருக்க இரண்டு வருடம் வரைதான் சலுகை. இதை மீறி நிதியின் வரிச்சலுகைத் தகுதி போனால் வரி 15 சதவீதத்திலிருந்து 45 ஆகிவிடும். அந்த ஆண்டு, சேர்ந்திருக்கும் சொத்தின் பெரும்பகுதிக்கும் வரி விழும். அதனால் அந்தப் பத்திரத்தைத் தம்பிக்கு எழுதிக்கொடுத்து, நிதியை நடத்தும் டிரஸ்டி கம்பெனியின் டைரக்டர் பதவியிலிருந்து நாங்கள் இருவரும் விலகினோம்; மெல்போர்னில் இருக்கும் அவன் டைரக்டர் ஆகிவிட்டான். பேருக்கு இருந்தால் போதாது, முடிவுகளை அவனே எடுக்க வேண்டும். பொறுப்பும் அவனுடையதே.

எதிர்பாராதது: நியமனத்துக்கு முன்பே அவனுக்கு டைரக்டர் ஐடி (டைரக்டர்களுக்கான அடையாள எண்) தேவைப்பட்டது. மாற்றத்தை 28 நாளுக்குள் வரி அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம், ஆஸ்திரேலியாவில் வரி வதிவாளர்களாக (வரிக் கணக்குப்படி அங்கே வசிப்பவர்களாக) இல்லாத காலத்தில் இந்த நிதியில் நாங்கள் பணம் போடப்போவதில்லை. இதை யாரும் விட்டுவிடாதீர்கள், பணம் போடும் உறுப்பினர்கள் வதிவாளர்களா என்று பார்க்க சட்டத்தில் தனிச் சோதனை உண்டு.

இந்த நிதி தவிர, அதே காலத்தில் எங்கள் குடும்ப டிரஸ்டிலிருந்து (குடும்பத்துக்காகச் சொத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை) எங்களுக்கு வருமானப் பங்கு வந்தால் 18,200 டாலர் வரிவிலக்கு கிடையாது. அந்த டிரஸ்டின் டிரஸ்டியே முதலில் வரி கட்ட வேண்டும்.